பெருநாளும் ஒரு பஞ்சரும்: கீழடியிலிருந்து ஆற்றங்கரை வரை

15 ஜூன் 2024, சனி. கீழடி, மானாமதுரை

மதுரையில் இருந்துகொண்டு இன்னும் கீழடியைப் பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கே வெட்கம்தான். வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடலாம், அதனாலேயே போகவில்லை. திங்கட்கிழமை பக்ரீத், சனி ஞாயிறோடு சேர்த்து மூன்று நாள் லீவு, பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம்கூட ஆகாததால் மகளுக்குப் பெரிய வீட்டுப்பாடமும் இல்லை. சரி, கிளம்பிவிடலாம் என்று ஒரு கணக்குப் போட்டேன். கீழடியில் ஆரம்பித்து வைகையை ஒட்டியே கிழக்கே போய், அது கடலுக்குப் போகும் இடத்தில் இருக்கிற, கீழடி மாதிரியே தோண்டிப் பார்த்த அழகன்குளத்தில் முடிப்பது. நடுவில் தனுஷ்கோடி மகளுக்காக. பெருநாள் அன்று ராமநாதபுரம் பக்கம் பாய் வீட்டுப் பிரியாணி எனக்காக. அம்மாவிடம் சொன்னபோது, "அங்கிட்டு எல்லாம் வெயிலு மண்டையைப் பிளக்கும்டா" என்றாள். சொல்லிவிட்டுப் பையை எடுத்து வைத்து முதலில் காரில் ஏறி உட்கார்ந்ததும் அவள்தான்.

அருங்காட்சியகம் பத்து மணிக்குத் திறக்கிறது, நாங்கள் போனபோது பதினொன்று. டிக்கெட் 15 ரூபாய். செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றமும் தாழ்வாரமுமாகக் கட்டியிருக்கிறார்கள், 2023 மார்ச்சில் திறந்தது, இன்னும் புதுக் கருக்கு போகவில்லை. உள்ளே ஏசி. வெளியே தாழ்வாரத்துக்கு வந்தால் தரை சுடுகிறது, மறுபடி அடுத்த கட்டடத்துக்குள் போனால் ஏசி. மூன்றாவது கட்டடத்தில் எனக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்துவிட்டது.

"ஆதன்" என்று தமிழியில், அதாவது பழைய தமிழ் எழுத்தில், கீறிய பானை ஓட்டுக்கு முன்னால் நல்ல கூட்டம். போட்டோ எடுக்க வரிசை. மகள் எட்டாவது படிக்கிறாள், 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒரு மாதிரிக்குக் கி.மு. 580 என்று காலம் கணித்ததைப் பாடத்தில் படித்தவள் மாதிரி எனக்கு விளக்கிக்கொண்டு வந்தாள். அம்மாவுக்கு இதெல்லாம் ஏறவில்லை. அவள் நின்றது ஒரே ஒரு இடத்தில். உடைந்த பானை ஓட்டை வட்டமாக உரசி எடுத்த சில்லுகள், கண்ணாடிக்குள்ளே வரிசையாக வைத்திருந்தார்கள். "இதை எதுக்குடா பெட்டிக்குள்ள வச்சிருக்காங்க? இது நாங்க நொண்டி அடிச்ச சில்லு" என்றாள். பக்கத்தில் நின்ற பாதுகாவலர் சிரித்துவிட்டார். "ஆமாம்மா, அதேதான். அவுகளும் அதான் அடிச்சிருக்காக." அம்மா கண்ணாடியில் விரலை வைத்து, சில்லு எப்படி இருந்தால் கோட்டில் நிற்கும், ஓரம் எப்படி உரச வேண்டும் என்று பேத்திக்குப் பத்து நிமிடம் பாடம் நடத்தினாள். தாயக்கட்டையையும் பார்த்தோம். ஆனால் சில்லுதான் ஜெயித்தது.

அப்புறம் குழிகளைப் பார்க்கப் போனோம். தென்னந்தோப்புக்கு நடுவே, ஏழாம் கட்ட அகழாய்வில் தோண்டியதை மூடாமல் பார்வைக்கு விட்டிருக்கிறார்கள். உறைகிணறு என்று படத்தில் பார்த்தபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை, நேரில் பார்த்தால் ஒரு வளையத்தின் மேல் இன்னொரு வளையம் உட்கார்ந்திருக்கிற நேர்த்தி, இன்றைக்கு எங்கள் தெருவில் சிமென்ட் உறை இறக்குகிறவர்களுக்கு இது வராது. 2014-15இல் மத்தியத் தொல்லியல் துறை ஆரம்பித்து, பிறகு மாநிலத் துறை எடுத்துக்கொண்டு ஒன்பது கட்டம் முடிந்திருந்தது. பள்ளிச்சந்தைத் திடல் 110 ஏக்கர் என்கிறார்கள், தோண்டியது அதில் கொஞ்சம்தான். தென்னை மரங்களுக்குக் கீழே இன்னும் என்னென்ன கிடக்கிறதோ, மேலே ஒருவர் இளநீர் 50 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தார். நான்கு இளநீர், 200. மதுரையைவிட அதிகம், ஆனால் அந்த வெயிலில் யார் பேரம் பேசுவது.

மானாமதுரையில் அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னாள். மண்பானைக்கு. கடம் செய்கிற ஊர், பானைக்குப் போன வருடம் புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டார்கள். தட்டித் தட்டி ஒலி கேட்டு, பதினைந்து பானையைத் தள்ளிவிட்டு, 180 ரூபாய்க்கு ஒரு தண்ணீர்ப் பானை எடுத்தாள். "திரும்பி வரும்போது வாங்கலாமே" என்றேன். "திரும்பி வரும்போது நீ நிறுத்த மாட்ட" என்றாள். உண்மைதான். பானை பின்சீட்டில் மகளுக்கும் அம்மாவுக்கும் நடுவே துண்டு சுற்றி உட்கார்ந்துகொண்டது.

பரமக்குடி வரைக்கும் ரோட்டுக்குப் பக்கத்தில் அவ்வப்போது வைகை தெரிந்தது. தெரிந்தது மணலும் சீமைக்கருவேலும்தான்.

ராமநாதபுரத்தில் லாட்ஜ். போனில் 1,400 என்றார்கள், நேரில் போனதும் 2,600. "பெருநாள் லீவு சார், ரூமே இல்லை." பக்கத்து அறைகள் எல்லாம் பூட்டிக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே பணம் கட்டினேன். ஏசியிலிருந்து சொட்டிய தண்ணீருக்குக் கீழே அம்மா புதுப் பானையை வைத்தாள். காலையில் கால் பானை தண்ணீர்.

16 ஜூன், ஞாயிறு. தனுஷ்கோடி, கீழக்கரை

தனுஷ்கோடி பற்றி எழுதாதவர்கள் இல்லை, நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து மணிக்குக் கிளம்பினோம். பாம்பன் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுக்கிற கூட்டம் அந்த நேரத்திலேயே இருந்தது. 1914இல் போட்ட பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது, பக்கத்தில் புதுப்பாலம் எழும்பிக்கொண்டிருந்தது. அரிச்சல்முனையில் ஏழு மணிக்கே வண்டி நிறுத்த இடமில்லை. கச்சான் காற்று அப்படி அடித்தது, என் தொப்பி பறந்து போய்ப் பெண்கடலில் விழுந்து அப்படியே மிதந்துகொண்டே போனது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆண்கடல் கரையை அறைந்துகொண்டிருக்கிறது, இந்தப் பக்கம் பெண்கடல் குளம் மாதிரி. பெயர் வைத்தவர்கள் என்ன நினைத்து வைத்தார்களோ, எங்கள் வீட்டு நிலவரம் வேறு மாதிரி என்று நான் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை.

1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் போன ஊர். தேவாலயத்தின் சுவர் பவளப்பாறைக் கல்லில் கட்டியது, கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லுக்குள் தேன்கூடு மாதிரிக் கண் கண்ணாக ஓட்டை தெரியும். அதில் ஏறி நின்று ஒரு கல்லூரிப் பையன் கூட்டம் ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. இறங்கச் சொல்ல ஆளில்லை, நானும் சொல்லவில்லை. நேற்று ஓட்டாஞ்சில்லுக்குக் கண்ணாடிப் பெட்டி, இங்கே ஒரு ஊரே மிதிபடுகிறது.

ஓலைக் கொட்டகையில் மீன் வறுவல் சாப்பிட்டோம். 61 நாள் தடைக்காலம் 14ஆம் தேதி ராத்திரியோடு முடிந்துவிட்டதே, புது மீன் வந்திருக்கும் என்று பெரிய விவரமாகக் கேட்டேன். வறுத்துக்கொண்டிருந்த அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "அந்தத் தடை விசைப்படகுக்குத்தான். இது நாட்டுப்படகு மீனு. தடைக்காலத்துலயும் நாங்க இதே மீனத்தான் வறுத்தோம்." பாறை மீன் ஒரு துண்டு 120, கணவாய் ஒரு தட்டு 150. மிளகாய்த்தூள் தூக்கல், மணலும் கொஞ்சம் தூக்கல், ஆனால் மீனில் குறை சொல்ல முடியாது.

மதியம் லாட்ஜுக்கு வந்து தூங்கிவிட்டு, சாயங்காலம் கீழக்கரை. உண்மையில் இன்றைக்கு இதுதான் நாள்.

பெருநாளுக்கு முந்தின ராத்திரி கீழக்கரைக் கடைத்தெருவில் கார் போகாது, தள்ளி நிறுத்திவிட்டு நடந்தோம். தையல் கடை வாசலில் பையன்கள் கூட்டம், கையில் சீட்டு வைத்துக்கொண்டு கெஞ்சுகிறார்கள். கயிற்றோடு கிடாய்கள், சில வீட்டுத் திண்ணையிலேயே குழை தின்றுகொண்டு. ஒரு கிடாயின் விலையைச் சும்மா கேட்டேன், 22,000 என்றார். "கொம்பு உடைஞ்சிருக்கக் கூடாது, கண்ணு நல்லா இருக்கணும், நோய் நொடி இருக்கக் கூடாது, அப்பத்தான் குர்பானிக்கு ஆகும்" என்று பல்லைப் பிடித்துக் காட்டி, நான் வாங்க வந்தவன் இல்லை என்று தெரிந்த பிறகும் அதே பொறுமையோடு சொன்னார். கறியை மூன்று பங்கு வைப்பார்களாம், வீட்டுக்கு ஒன்று, சொந்தக்காரர்களுக்கு ஒன்று, ஏழைகளுக்கு ஒன்று. சவுதியில் இன்றைக்கே பெருநாள், இங்கே பிறைக் கணக்குப்படி நாளைக்கு. வெளிநாட்டில் இருக்கிற மகன்கள் இன்றைக்கே வீடியோ காலில் வந்து வாழ்த்துச் சொல்லிவிட்டதாகவும், வாப்பா நாளைக்குத்தான் திருப்பிச் சொல்வார் என்றும் அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

பழைய ஜும்மா பள்ளிவாசலை வாசலில் அனுமதி கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு முன் மண்டபம் வரை போய்ப் பார்த்தேன். வள்ளல் சீதக்காதி கட்டியது என்று ஊரில் சொல்கிறார்கள், செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்கிறோமே, அதே சீதக்காதி. கல்தூண் மண்டபம். திருப்பரங்குன்றத்துக்கோ அழகர்கோவிலுக்கோ போய்ப் பழகிய கால் அது, அங்கே நின்றதும் தன்னாலே யாளியைத் தேடுகிறது கண்ணு. யாளி இல்லை, உருவமே இல்லை, பூவும் கொடியும்தான். ஆனால் தூணைச் செதுக்கிய கை அந்தக் கைதான். ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து, "கல்லத் தொட்டுப் பாருங்க, இந்நேரத்துக்கும் குளுகுளுன்னு இருக்கும்" என்றார். இருந்தது.

தொதல் வாங்காமல் கீழக்கரையை விட்டு வரக்கூடாது. அரிசிமாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி, மணிக்கணக்கில் கைவிடாமல் கிண்டுவது, அவ்வளவுதான் சமாச்சாரம். கறுப்பாகப் பளபளவென்று இருக்கும். அல்வா என்று நினைத்துக் கடித்தால் ஏமாந்து போவீர்கள், இது இழுக்கும். கடைக்காரர் கத்தியில் ஒரு துண்டு வெட்டி ஆளுக்குக் கொடுத்துச் சாப்பிட்ட பிறகுதான் எடை போட்டார். அரைக் கிலோ 160. அம்மா வாயைத் திறக்காமல் கையால் ஜாடை காட்டினாள். பல்செட்டு மேல்வரிசை தொதலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மனைவி சேலைத் தலைப்பால் மறைத்துக்கொள்ள, கடை ஓரத்தில் திரும்பி நின்று சரிசெய்தாள். கடைக்காரர் பார்க்காத மாதிரி ராக்கையை அடுக்கிக்கொண்டிருந்தார், ஏற்கெனவே அடுக்கியிருந்த ராக்கையை.

17 ஜூன், திங்கள். பெருநாள். அழகன்குளம், ஆற்றங்கரை

இன்றைக்குத்தான் எல்லாம் நடந்தது.

லாட்ஜில் காபி மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினோம். போகிற வழியில் பனைக்குளத்தில் புரோட்டாவோ இடியாப்பமோ சாப்பிட்டுக்கொள்ளலாம், மதியம் பிரியாணி என்று நான்தான் சொன்னேன். இதைவிட மடத்தனமாக ஒருவன் திட்டம் போட முடியாது. ஊரில் பாதி ஹோட்டலை நடத்துகிறவர்களுக்கே இன்றைக்குப் பெருநாள், அவர்கள் வீட்டில் சாப்பிடுவார்களா, எனக்கு வந்து புரோட்டா வீசுவார்களா? ராமநாதபுரத்தை விட்டு வெளியே வந்ததும் தொழுகைக் கூட்டம் ரோட்டை நிறைத்துவிட்டது. வெள்ளைச் சட்டை, புதுக் கைலி, தொப்பி, எங்கு பார்த்தாலும் அத்தர் வாசனை. வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த பையன் ஜன்னலில் குனிந்து, "அண்ணே, ஒரு பதினஞ்சு நிமிசம், கோவிச்சுக்காதீக" என்று ஒவ்வொரு காருக்கும் போய்ச் சொன்னான். பனைக்குளத்தில் ஒரு கடைகூடத் திறக்கவில்லை. டீக்கடைகூட.

அழகன்குளத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் வண்டி ஒரு பக்கம் இழுத்தது. எதிரில் வந்த வேனுக்கு ஒதுங்கி மண்ணில் இறங்கியிருந்தேன், சீமைக்கருவேல முள், விரல் நீளம், டயரில் ஆணி அடித்த மாதிரி நின்றது. பதறிப் பிரேக் போட்டதில் பின்னால் "டொப்" என்று ஒரு சத்தம். பானை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது. ஸ்டெப்னியை எடுத்தால் அதில் காற்று இல்லை. கடைசியாக எப்போது பார்த்தேன் என்று மனைவி கேட்டாள்.

நடந்து போய் விசாரித்ததில் பஞ்சர்க் கடை பூட்டியிருந்தது, கடைக்காரர் வீட்டைக் காட்டினார்கள். இருபத்தைந்து வயது இருக்கும், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் அப்போதுதான் பள்ளிவாசலிலிருந்து வந்திருந்தார். தயங்கித் தயங்கிச் சொன்னேன். "சட்டையை மாத்திட்டு வர்றேண்ணே, உம்மா பார்த்தா வைவாக" என்று உள்ளே போய்ப் பழைய பனியனோடு வந்தார். முள்ளைப் பிடுங்கி, ஒட்டி, ஸ்டெப்னிக்கும் காற்றடித்துக் கொடுத்தார். ஐநூறு நீட்டினேன், பெருநாள் அன்று கூப்பிட்டதற்கு. "நூறுதாண்ணே. பெருநாளா இருந்தா என்ன, பஞ்சர் பஞ்சர்தானே" என்று மீதி நானூறை எண்ணிக் கொடுத்தார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, கூடவும் வாங்கவில்லை.

அகழாய்வு நடந்த கோட்டைமேடு எங்கே என்று அவரிடம்தான் கேட்டோம். போய்ப் பார்த்தால் மேடு, கருவேல், காற்று. அவ்வளவுதான். டிக்கெட் இல்லை, ஏசி இல்லை. மகள், "இதுவாப்பா?" என்றாள். இதேதான். 1986-87இலிருந்து பல தடவை தோண்டினார்கள், கடைசியாக 2016-17இல். ரோமானியக் காசு, மதுச்சாடி ஓடு, தமிழி எழுத்து, கப்பல் படம் கீறிய ஒரு பானை ஓடுகூடக் கிடைத்த இடம். கடல் தாண்டி வந்த சரக்கு இங்கே இறங்கித்தான் வைகைக் கரையோரம் மதுரைக்குப் போயிருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். நாங்கள் வந்த வழியேதான், எதிர்த்திசையில்.

காலடியில் ஓடுகள் கிடந்தன. கறுப்பு சிவப்பில் ஒன்று, உள்பக்கம் கரி மாதிரி, வெளியே செங்கல் நிறம், ஓரம் கையில் வழவழவென்று. சத்தியமாகச் சொல்கிறேன், சட்டைப்பையில் போட்டுவிட்டேன். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்துட்டுப் போறீகளோ?" பின்னால் ஒரு பெரியவர், எழுபது இருக்கும், பெருநாள் சட்டை, கையில் சின்னத் தூக்குவாளி. யாருக்கோ கறி கொடுத்துவிட்டு வருகிறார். "வச்சிருங்க தம்பி. வர்றவுக ஆளுக்கு ஒண்ணு எடுத்தா அப்புறம் இது வெறும் கருவக்காடு." கோபமே இல்லாமல் சொன்னார். நான் வைத்துவிட்டேன், எடுத்த இடத்திலேயே. முப்பது வயதுவாக்கில் அவரும் இங்கே கூலிக்குத் தோண்டியவராம். முதல் நாள் எல்லாரும் புதையல் என்று நினைத்தார்களாம். "ஓட்டாஞ்சில்லப் போய்ப் பல்லு விளக்குற பிரஷ்ஷால தொடைக்கச் சொன்னாக. இவுகளுக்குக் கிறுக்கான்னு நெனச்சோம்." அப்புறம்தான் கேட்டார், "சாப்பிட்டீகளா?"

மணி பதினொன்றரை. மனைவி ஆமாம் என்றும் மகள் இல்லை என்றும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அவர் வீட்டில் நிறையப் பேர் இருந்தார்கள், யாரும் எங்களை வேற்று ஆளாகப் பார்க்கவில்லை. பாய் விரித்து இடியாப்பம், கறி ஆணம் (குழம்பை அங்கே ஆணம் என்பார்கள்), வட்டிலப்பம். பிரியாணி இல்லை. கறியே இன்னும் பங்கு பிரித்து முடியவில்லை, இது முந்தின நாள் வாங்கின கறி என்றார்கள். பெருநாள் என்றால் பிரியாணி என்று எனக்கு யார் சொன்னது? அந்த ஆணத்தில் தேங்காய் அரைத்து விட்டிருந்த பதம், இடியாப்பம் அதைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்த விதம், நான் எண்ணாமல் சாப்பிட்டேன்.

சிக்கல் அம்மாவால் வந்தது. அப்பா போனதிலிருந்து திங்கட்கிழமை கவிச்சி தொட மாட்டாள். அதைச் சொல்லவும் கூச்சம், பெருநாள் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு. தட்டைப் பார்த்தபடி இருந்தாள். பெரியவரின் வீட்டம்மா கவனித்துவிட்டார். "என்னக்கா, இன்னிக்கு விரதமா?" அம்மா தலையாட்டினாள். தட்டை எடுத்துப் போய்விட்டு, வேறு தட்டில், கறிப் பாத்திரத்தோடு சேராத இடியாப்பமாகப் பார்த்து, தேங்காய்ப்பாலும் சீனியும் கொண்டுவந்து வைத்தார். வட்டிலப்பத்தை அம்மா பக்கம் நகர்த்திய என் மனைவியின் கையைப் பிடித்துத் தடுத்து, "அதுல முட்டை இருக்கும்மா" என்றார். அம்மாவின் கண் அந்த வட்டிலப்பத்தின் மேலேயே இருந்ததை நான் பார்த்தேன். முட்டை சேருமா சேராதா என்று இதுவரை அவளே முடிவு செய்ததில்லை. இன்றைக்கு முடிவாகிவிட்டது. "நாளைக்குச் சாப்பிடுங்கக்கா" என்று டப்பாவில் போட்டுக் கொடுத்தார். அப்புறம் இரண்டு பேரும் முழங்கால் வலி பற்றிப் பேச ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆனது. "பாயம்மா, நல்லெண்ணெய விட வேப்பெண்ணெய் கேக்கும்" என்று என் அம்மா வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாசலில் ஜிகினா வைத்த பாவாடைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெண்பிள்ளைகள் நொண்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். சில்லு என்ன சில்லு என்று நான் குனிந்து பார்த்தேன். கறுப்பு சிவப்பு. பெரியவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. என் மகளும் சேர்ந்துகொண்டு இரண்டாவது கட்டத்திலேயே அவுட்டானாள். நேற்று முன்தினம் எடுத்த பாடம் வீண்.

சாயங்காலம் ஆற்றங்கரை. பெயர்தான் ஆற்றங்கரை. வைகைத் தண்ணீர் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு சரி, அது நிறைந்து வழிகிற வருடத்தில்தான் மிச்சம் இங்கே வரும். கடல் சிவனுக்கு நஞ்சு கொடுத்ததால் வைகை அதன் முகத்தில் முழிக்க மாட்டாளாம், அம்மா சொன்னாள். மதுரைக்காரர்களுக்கு இப்படி ஒரு சமாதானம் கைவசம் இருக்கும். கடல் அலையே இல்லாமல் கிடந்தது. நான்கு மணிக்கு மேல் ஊரே வந்துவிட்டது, பெருநாள் சட்டையோடு பிள்ளைகள் இடுப்பளவுத் தண்ணீரில், கரையில் நின்று கத்துகிற உம்மாக்கள், ஐஸ்காரர் ஒருவர் பத்து ரூபாய்க் குச்சி ஐஸை எடுத்துக் கொடுத்து மாளவில்லை. பஞ்சர்க்காரத் தம்பி மறுபடி வெள்ளைச் சட்டையில் பைக்கில் வந்தார். வண்டியிலிருந்து இறங்குமுன் எங்கள் டயரைத்தான் முதலில் பார்த்தார்.

18 ஜூன், செவ்வாய். மதுரை

ராத்திரி பதினொன்றுக்கு வீடு. தொதல் டப்பாவை காரிலேயே விட்டுவிட்டோம், காலையில் எறும்பு. அலுவலகத்தில் செய்தி பார்த்தேன், கீழடியில் பத்தாம் கட்ட அகழாய்வை இன்றைக்கு முதல்வர் தொடங்கி வைத்திருக்கிறார். மூன்று நாள் தள்ளிப் போயிருந்தால் தோண்டுவதையே பார்த்திருக்கலாம் என்று மனைவியிடம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகம் லீவு என்றாள்.

அம்மா காலையில் முதல் வேலையாக அந்த வட்டிலப்பத்தைச் சாப்பிட்டாள், யாருக்கும் கொடுக்கவில்லை.

உடைந்த பானையை மகள் தூக்கிப் போட விடவில்லை. சாயங்காலம் வந்து பார்த்தால் பெரிய ஓடாக ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, போனில் தமிழி எழுத்து அட்டவணையைத் திறந்து வைத்து, காம்பஸ் முனையால் கீறிக்கொண்டிருந்தாள். "ஆதன்" எழுதுகிறாளாம். "ஆ" வந்திருந்தது, "த" பாதி. முனை உடைந்துவிட்டது. புது ஜாமெட்ரி பாக்ஸ் வேண்டுமாம், போன வாரம்தான் வாங்கியது.

"நூத்தி எண்பது ரூபாப் பானை" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.